ஆறு பேருக்கு எத்தனை கேபின்? க்ரூஸ் அறைகள் ஓர் ஒப்பீடு

விளம்பரத்தில் ‘தலைக்கு இவ்வளவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விலையை ஆறால் பெருக்கி க்ரூஸுக்குப் பட்ஜெட் போடுகிற வீடுகள்தாம் அதிகம். அந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாகவே வரும். கப்பல் கம்பெனி ஓர் அறையில் இரண்டு பேர் என்று வைத்துத்தான் தலைவிலை போடுகிறது. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் படுத்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். ஒருவர் தனியாக ஓர் அறை எடுத்தால், பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். துறைமுக வரியும் டிப்ஸும் மட்டும், எத்தனையாவது ஆளாக இருந்தாலும் தலைக்குத் தலை. அமெரிக்கக் கம்பெனிகளின் கப்பல்களில் டிப்ஸ் மட்டுமே நாளொன்றுக்கு ஆளுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் ஆகிறது. பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆறு பேர், நான்கு இரவு என்றால் 360 முதல் 480 டாலர். சூட் என்னும் பெரிய அறைகளைத் தவிர எந்த அறை எடுத்தாலும் இது மாறாது என்பதால் கீழே வரும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒப்பிடுவதற்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பதினைந்து வயதுப் பெண், எட்டு வயதுப் பையன். சிங்கப்பூர் மரினா பே முனையத்திலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட், போர்ட் கிளாங் பக்கம் மூன்று நான்கு இரவு சுற்றிவரும் பயணம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து இறங்கியதும் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் போடுகிற வழக்கமான திட்டம்தான்.

க்ரூஸ் விலை விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் மாறும். ஆகவே நிஜ விலையை விட்டுவிட்டுக் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஜன்னல் இல்லாத உள்ளறையில் முதல் இருவருக்கு ஆளுக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்றாம் நான்காம் ஆளுக்கு 250. பால்கனி அறையில் 550, பிறகு 300.

நாலும் ரெண்டும்

அப்பா, அம்மா, பிள்ளைகள் நால்வரும் ஓர் உள்ளறையில். தாத்தா பாட்டி இன்னோர் உள்ளறையில். 2,100 வெள்ளி. இருப்பதிலேயே மலிவு. ஏஜென்ட் முதலில் நீட்டுவதும் இதைத்தான்.

‘நாலு பேர் தங்கலாம்’ என்ற அறையில் நிஜமாக என்ன இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். கீழே ஒரு இரட்டைக் கட்டில். மேலே இரண்டு பங்க், பகலில் கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ மடங்கிவிடும், இரவில் அறைப் பணியாளர் இறக்கிவிட்டு ஏணி சாத்துவார். சில அறைகளில் ஒரு பங்குக்குப் பதில் சோபா விரியும். ராயல் கரீபியன் கம்பெனியின் குவாண்டம் வகைக் கப்பல்களில் சாதாரண உள்ளறை 166 சதுர அடிதான். நான்கு பேரின் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் காலையில், ஒரே குளியலறைக்கு முன்னால். கரையில் இறங்க எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் நாளில் பதினைந்து வயதுப் பெண் உள்ளே போய்விட்டால் மற்ற மூவர் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. குளிக்கும் இடமோ ஒரு ஆள் கையை மடக்கித் திரும்பும் அளவு. பக்கெட்டும் குவளையும் எதிர்பார்க்கிற பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இன்னொன்று: நாலு பேர் அறை பல கப்பல்களில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். பங்க் இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று கணினி மறுப்பதும் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்று உயிர்காப்புப் படகுக் கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் ஆள் நிறைந்துவிட்டால், அறையில் படுக்கை காலியாக இருந்தாலும் விற்கமாட்டார்கள். பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னால் தேடுகிறவர்களுக்கு இந்த 2,100 கணக்கு ஏட்டோடு நின்றுவிடும்.

பிள்ளைகள் இரண்டும் பத்து வயதுக்குக் கீழே என்றால் நானே இதைத்தான் எடுக்கச் சொல்வேன். சின்னதுகளுக்கு மேல் பங்க்கே ஒரு விளையாட்டு. ஆனால் ஆறு வயதுக்குட்பட்டவர்களை அங்கே படுக்கவைக்க வேண்டாம் என்பார்கள்.

மூன்று உள்ளறைகள்

இரண்டு இரண்டு பேராக மூன்று உள்ளறை. 2,400 வெள்ளி. முந்தையதைவிட 300தான் கூட. அந்த 300க்கு என்ன கிடைக்கிறது? இன்னொரு குளியலறை, இன்னொரு கதவு, ஆறு பேருக்கும் தரையில் கட்டில். ஏணி ஏற வேண்டியதில்லை. பெரிய குடும்பம் செலவழிக்கும் முதல் உபரிப் பணம் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. சதுர அடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் குளியலறையை எண்ணுங்கள்.

பிள்ளைகளைத் தனியறையில் விடமாட்டார்களே என்று கேட்கலாம். பல கம்பெனிகளில் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருந்தாக வேண்டும் என்று விதி உண்டு. பெற்றோர் பக்கத்து அறையில் இருந்தால் சில இடங்களில் தளர்த்துவார்கள். அப்பாவும் பையனும் ஓர் அறை, அம்மாவும் பெண்ணும் ஓர் அறை என்று பதிந்துகொண்டால் விதியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏறிய பிறகு யார் எங்கே தூங்குவது என்பது வீட்டு விவகாரம். ஆனால் அவசரகாலத்தில் கூட வேண்டிய இடம் அறையை வைத்தே ஒதுக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு அவரவர் அறை அட்டையில் இருக்கும் அந்த இடத்தின் எண்ணைக் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

உள்ளறையின் குறையும் தெரிந்ததே: விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்தது தெரியாது. பகல் தூக்கம் போடும் குழந்தைக்கு வரம். இரவில் இரண்டு முறை எழும் தாத்தாவுக்குக் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைக்க வேண்டும். பல கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும், கால் இடறும். குவாண்டம் வகையில் சில உள்ளறைகளில் தரையிலிருந்து கூரை வரை ஒரு திரை வைத்து, வெளியே கேமரா பிடிக்கும் கடலை அப்படியே ஓட்டுகிறார்கள். கொஞ்சம் கூடுதல் விலை. இருட்டு பிடிக்காதவர்களுக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு மட்டும் பால்கனி

தாத்தா பாட்டிக்குப் பால்கனி, மற்ற நால்வரும் ஓர் உள்ளறையில்: இதுவும் 2,400. அதே பணத்துக்கு மூன்றாவது குளியலறையா, கடல் காற்றா என்பதுதான் கேள்வி. மற்ற நால்வரையும் இரண்டு உள்ளறையாகப் பிரித்தால் 2,700.

பால்கனி வேண்டாம் என்று சொல்லும் சிக்கனக்காரர்கள், ‘மேல்தளம் சும்மாதானே கிடக்கிறது, கடலை அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். ஓடியாடுகிறவர்களுக்கு அது சரி. முழங்கால் வலியோடு இருப்பவருக்கு, பதினான்காம் தளத்துக்கு லிஃப்ட் பிடித்துப்போய், வெயிலில் நாற்காலி தேடி, நீச்சல்குளத்துப் பாட்டுச் சத்தத்தில் உட்காருவது கடல் பார்ப்பதாகாது. நைட்டியோடு காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டி உட்கார ஓர் இடம் வேண்டும். பகலில் மற்ற நால்வரும் அங்கேதான் வந்து விழுவார்கள். ஒரு பால்கனி இருந்தால் குடும்பம் முழுவதற்கும் இருக்கிற மாதிரி. அதனால்தான் உள்ளறைகளை அதே நடைபாதையில் எதிர்ப்பக்கம் எடுக்கச் சொல்கிறேன். பெரும்பாலான கப்பல்களில் பால்கனி அறைக்கு எதிரே உள்ளறைதான் இருக்கும். இரண்டு அறைக்கு நடுவே திறக்கும் கனெக்டிங் கதவுக்கு அலைய வேண்டியதில்லை.

கையில் 2,700 இருந்தால் என் தேர்வு இதுதான். இல்லையென்றால் மூன்று உள்ளறை.

கதவு திறக்கும் இரண்டு பால்கனி அறைகள்

மூன்று மூன்று பேராக, நடுவே கதவு உள்ள இரண்டு பால்கனி அறை. 2,800 வெள்ளி. படத்தில் பார்க்க மிக அழகு. ஆனால் மேலே சொன்ன 2,700 திட்டத்தைவிட நூறு வெள்ளி அதிகம் கொடுத்து ஒரு குளியலறையைக் குறைத்துக்கொள்கிறோம். தவிர, ஒவ்வோர் அறையிலும் ஒருவர் சோபாவில் படுக்க வேண்டும். சோபா விரிந்தால் பால்கனிக்குப் போகும் வழி பாதி அடைபடும். நடுக்கதவின் மெல்லிய பலகை வழியாகக் குறட்டையும் கேட்கும். சின்னக் குழந்தைகள் இரண்டு மூன்று இருக்கும் வீட்டுக்கு, இரவில் கண்காணிக்க, இந்தக் கதவு உதவும். நம் ஆறு பேருக்கு அவ்வளவு அவசியமில்லை. அடுத்தடுத்த பால்கனிகள் கிடைத்தால், சில கப்பல்களில் நடுத்தடுப்பைத் திறந்துவிடச் சொல்லி அறைப் பணியாளரிடம் கேட்கலாம்.

ஒரே பெரிய குடும்ப அறை

குவாண்டம் வகையில் ஒரு ஏற்பாடு உண்டு: ஒரு சிறு சூட், ஒரு பால்கனி அறை, ஒரு குட்டி உள்ளறை மூன்றையும் ஒரு பொது வாசலுக்குள் வைத்து, நடைபாதைக்கு ஒரே கதவு. கூட்டுக்குடும்பத்துக்கென்றே செய்தது. கப்பலுக்கு 16தான். ஆறு பேர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எட்டு, பத்து பேர் என்றால் நின்று கணக்குப் போடலாம். சாதாரண சூட்டில் ஆறு பேரை அடைப்பது பற்றி எழுத எதுவுமில்லை. வரவேற்பறை பெரிதாக இருக்கும், பணமும் பெரிதாகப் போகும்.

ஐந்து பேர், ஏழு பேர் என ஒற்றைப்படை வந்தால் கணக்கு தடம் மாறும். ஐந்து பேரை நாலும் ஒன்றுமாகப் பிரித்தால் அந்த ஒருவர் இரட்டைக் கட்டணம் கட்டி, மொத்தம் 2,100 ஆகிவிடும். மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால் 1,850. ஏழு பேருக்கு நாலும் மூன்றும் 2,350. மூன்று, இரண்டு, இரண்டு என்றால் 2,650. அந்த 300 வித்தியாசம் இங்கேயும் அப்படியே நிற்கிறது.

‘அறை எண் பிறகு தருவோம்’ என்று இன்னும் மலிவாக ஒரு வகை விற்பார்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது லாபம். குடும்பத்துக்கு வேண்டாம். பாட்டி ஏழாம் தளத்தின் முன்முனையில், நீங்கள் பதினோராம் தளத்தின் பின்முனையில் என்று வந்தால் கப்பல்காரர்களைக் குறைசொல்ல முடியாது. அறை எண்ணைப் பார்த்தே எடுங்கள். நடுப்பகுதி, கீழ்த்தளம் என்றால் ஆட்டம் குறைவு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளமாகப் பார்த்தால் இரவில் நாற்காலி இழுக்கும் சத்தம் வராது. லிஃப்டுக்கு அருகே என்பது பெரியவர்களுக்காக. ஆனால் லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம்.

அறையைப் பிரிப்பதில் இன்னொரு நுணுக்கம்: ராயல் கரீபியனில் ஒருவர் மது பேக்கேஜ் (மொத்தமாகப் பணம் கட்டி மது பெறும் திட்டம்) வாங்கினால், அதே அறையில் இருக்கும் குடிக்கும் வயதுப் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும். சித்தப்பா ஒருவர் கூட வந்தால் அவரை யாரோடு சேர்ப்பது என்று இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்தே கிளம்ப நினைப்பவர்களுக்கு கார்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் இருக்கிறது. 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. விமானச் செலவு மிச்சம். ஆனால் அது 1990இல் கட்டிய கப்பல், முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறை குறைவு. உள்ளறை மேலே சொன்ன 166 சதுர அடியைவிடச் சிறியது. அதில் நாலு பேர் என்பது தூங்க மட்டும் தாங்கும். அங்கே நான் பால்கனியைத் தேடமாட்டேன். பெரியவர்களுக்கு ஒரு ஜன்னல் அறை, மற்றவர்களுக்கு இரண்டு உள்ளறை, மூன்றும் ஒரே தளத்தில். பணம் கட்டும் முன் தளப் படத்தை அனுப்பச் சொல்லி ஏஜென்டிடம் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கிக் கடலை மறைக்கிறதா என்பது அதில் தெரியும்.