கிரியேட்டினா, ஆப்ப சோடாவா?

எந்த சப்ளிமென்ட் நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். முழு வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? பத்து வினாடியா, இரண்டு நிமிடமா?

கபடியில் ஒரு ரெய்டு 30 வினாடி. அதிலும் உயிரைக் கொடுத்துப் பாய்வது மூன்று நாலு வினாடிதான். அப்போது தசைக்குக் கைகொடுப்பது அதில் சேமித்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி எரிபொருள். அந்தக் கையிருப்பைக் கூட்டுவதுதான் கிரியேட்டின். இப்படித் திரும்பத் திரும்பப் பாய்கிறவர்களுக்கு கிரியேட்டினை மிஞ்ச எதுவும் இல்லை. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் நாலு வாரத்தில் தசையில் அந்தக் கையிருப்பு நிறைந்துவிடும். எடை ஒரு கிலோ கூடலாம், பெரும்பாலும் தண்ணீர்தான். எடைப் பிரிவில் ஆடுகிறவர்களுக்கு அதுவே தலைவலி. சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும், விலை கூடிய வகைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

800 மீட்டர் ஓட்டம் வேறு கதை. அங்கே காலைக் கட்டிப்போடுவதில் தசையில் சேரும் அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சமாளிக்க இரண்டு வழி: பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் தசைக்குள்ளே வேலை செய்யும், ஆப்ப சோடா ரத்தத்தில். ஆமாம், அடுப்படியில் இருக்கும் அதே சோடாதான். கிலோவுக்கு 0.3 கிராம் என்பது கணக்கு. என் 60 கிலோவுக்கு 18 கிராம், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி ஒரே மூச்சில் குடித்தேன். துணி சோப்பை நக்கியது போல இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து நான் நின்றது ஓடுதளத்தில் இல்லை, கழிப்பறை வாசலில். சாப்பாட்டோடு பிரித்துப் பிரித்துக் குடித்தால் வயிறு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த 18 கிராமில் சோடியம் மட்டும் 5 கிராம் அளவுக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வதே 2 கிராமுக்குக் கீழே. பிரஷர் உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது.

பீட்டா அலனினுக்குப் பொறுமை வேண்டும். தினம் 3.2 கிராமாவது, நாலு வாரமாவது எடுக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் முகமும் கையும் சுருசுருவென்று இருக்கும், ஆபத்தில்லை. பலனும் சின்னதுதான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அப்புறம் காஃபின். கிலோவுக்கு 3 மில்லிகிராம், ஒரு மணி நேரம் முன்பு. 2004 முதல் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இல்லை. சாயங்காலப் போட்டி என்றால் ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

இது எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கலந்து ‘பிளெண்ட்’ என்று விற்பதும் உண்டு. எது எத்தனை கிராம் என்று லேபிளில் இல்லாவிட்டால், கடை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன்.