புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் மதர்போர்டு அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள், அதிலும் வைஃபை உள்ள மதர்போர்டாக (எல்லாப் பாகங்களையும் மாட்டும் முக்கியப் பலகை) பார்த்து வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 4,700 ரூபாயும் ஒன்றரை மாதத் தூக்கமும் போன கதை இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. சென்னையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடை என்பது போதும்.

வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ரவுட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். என் மேசை உள் அறையில். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுக்க வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வைஃபை உள்ள மதர்போர்டு போடச் சொன்னேன்.

கடையில் ஆன் செய்து காட்டினார்கள். வைஃபை உடனே பிடித்தது, யூடியூபில் ஒரு பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. அவர்களுடைய ரவுட்டர் அதே மேசைக்கு மேலே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. நெட் வரும், பத்து நிமிடத்தில் போகும். பக்கத்தில் வைத்த போனில் முழுக் கோடு காட்டும்போது கம்ப்யூட்டரில் ஒற்றைக் கோடு. ப்ளூடூத் கீபோர்டில் ஓர் எழுத்தை அடித்தால் சில சமயம் மூன்று வந்து விழும், சில சமயம் ஒன்றுமே வராது. கீபோர்டு மட்டம் என்று நினைத்தேன். இரண்டும் ஒரே நோய் என்று தெரிந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கடைக்குப் போன் செய்தேன். ஒரு தம்பியை அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக, “விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கு சார், ஒரு ஃபார்மேட் போட்டா சரியாயிடும்” என்றார். கடையிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆன கம்ப்யூட்டருக்கு ஃபார்மேட்! 800 ரூபாய், விசிட் சார்ஜ் தனியாக 400. வாரன்டி இருக்கிறதே என்றால், “அது பொருளுக்குத்தான் சார், விசிட்டுக்கு இல்ல” என்றார். சரி, கொடுத்தேன். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாவது தடவை வந்தபோது, போர்டில் வரும் வைஃபையே மட்டம்தான், வெளியே தனியாகப் போடுவதுதான் நல்லது என்றார். (பிறகு எதற்கு என்னிடம் 1,500 வாங்கினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.) விரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள், “டூயல் பேண்ட் சார்” என்று 950 ரூபாய். பின்பக்கம் செருகினார். விசிட் 400.

டூயல் பேண்ட் என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் பிடிக்க வேண்டும். அது டூயல் பேண்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பெயர். போனில் இரண்டும் தெரிகின்றன. டாங்கிள் போட்ட கம்ப்யூட்டரில் 2.4 மட்டும்தான். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், வைஃபை பட்டியலைத் திறந்தால் போதும்.

ஆனாலும் டாங்கிள் போட்டதும் நெட் முன்னைவிடத் தேவலாம் என்றாகிவிட்டது. சாயங்காலமானால் மட்டும் செத்துவிடும். ஒரு வாரம் கவனித்தபோதுதான் பிடிபட்டது. சாயங்காலம்தான் நான் அன்றைய கணக்கை பேக்கப் எடுக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகுவேன். டாங்கிளுக்கு ஒட்டினாற்போல உள்ள நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில். டிஸ்கைப் பிடுங்கினால் நெட் வரும், செருகினால் போகும். இது என் பிரமை இல்லை. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளைத் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். தம்பியிடம் டிஸ்க் விஷயத்தைச் சொன்னேன். “சிக்னல் வீக் சார், ரிப்பீட்டர் போட்டுடலாம்” என்றார். ரிப்பீட்டர் என்பது ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. அதற்கு 1,750. விசிட் மறுபடியும் 400.

ரிப்பீட்டர் போட்டபின் கோடு நிறையக் காட்டியது, வேகம் பாதியாகிவிட்டது. வாங்கிய சிக்னலை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் அப்படித்தான் ஆகும். 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள், இரவு ஒன்பது மணி. ஓடிபி போனுக்கு வந்துவிட்டது, அதை அடிக்க வேண்டிய பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கடைசியில் போனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டு முடித்தேன்.

மறுநாள் கடைக்காரர் சொன்ன யோசனை: “உங்க லைனே சரியில்ல சார். கனெக்ஷனை மாத்திடுங்க, நானே போட்டுத் தர்றேன்.” வேறொரு நெட் கம்பெனிக்கு அவர்தான் ஏஜென்ட்டாம்!

அதற்கு முன் இருக்கிற கம்பெனியில் ஒரு புகார் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். லைன்மேன் வந்தார். முதலில் என் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகம் பார்த்தார். 94 எம்பி. “லைன் நல்லாத்தான் இருக்கு சார்.” அப்புறம் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்குத் தொடர்ச்சியாகப் பிங் கொடுத்தார், அதாவது பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்தார். ரவுட்டரிலிருந்து பதில் ஒழுங்காக வந்து, வெளியே உள்ள முகவரியிலிருந்து மட்டும் வராமல் போனால் கோளாறு லைனில். ரவுட்டரே பதில் சொல்லவில்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். எனக்கு ரவுட்டரே ஒரு சமயம் 3 மில்லிசெகண்ட், ஒரு சமயம் 900, நடுநடுவே ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’, அதாவது பதிலே இல்லை.

கேபினெட்டைத் திருப்பி, போன் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். “ஆன்டெனாவைக் கழட்டி வச்சுட்டீங்களா சார்?” என்றார். எந்த ஆன்டெனா? ஒன்றின் மேல் ஒன்றாகத் தங்க நிறத்தில் இரண்டு குட்டித் திருகுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அதை ஏதோ ஸ்க்ரூ என்று நினைத்திருந்தேன். வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் இரண்டு ஆன்டெனாக்களை மாட்ட வேண்டிய இடம் அது. மாட்டாவிட்டால் ரவுட்டர் பக்கத்தில் இருக்கும்வரை ஏதோ ஓடும், ஒரு சுவர் வந்தால் படுத்துவிடும். கடையில் பாட்டு ஓடியது இப்படித்தான். மூன்று தடவை வந்த தம்பி, டாங்கிள் செருகியது அந்தத் திருகுகளுக்கு நாலு விரல் கீழே.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். “அது தனியா வாங்கணும் சார், 350” என்றார் கடைக்காரர். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் பெட்டிக்குள் என்னென்ன வரும் என்று பட்டியல் இருக்கிறது. அதில் ஆன்டெனா என்ற வரியைப் போனில் எடுத்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கல்லாவுக்குக் கீழே உள்ள டிராயரை இழுத்தார். ஏழெட்டு ஜோடி ஆன்டெனா. சிலது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஒரு ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்து, “பையன் மறந்திருப்பான்” என்றார். மதர்போர்டு அட்டைப்பெட்டியை அன்றே கேட்டு வாங்கியிருந்தால், உள்ளே ஆன்டெனா இருக்கிறதா என்று அப்போதே பார்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கையாலேயே திருகினேன், அரை நிமிட வேலை. விண்டோஸில் சிக்னல் 18 சதவீதம் காட்டியது 92 ஆனது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரிந்தது. டாங்கிளையும் ரிப்பீட்டரையும் பிடுங்கி வைத்துவிட்டேன். கீபோர்டும் ஒழுங்காக அடிக்கிறது, பாவம், அதைத் திட்டியிருக்கக் கூடாது.

உங்கள் கடைக்காரர் ஆன்டெனா தர மறுத்தால், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டரில் உள்ள திருகின் நடுவில் ஊசி இருந்தால் ஆன்டெனாவின் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும். ஆன்டெனாவிலும் ஊசி இருக்கிற ரகம் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், மாட்ட முடியாது.

என் தப்பும் ஒன்று உண்டு. ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி கணக்குப் போடுகிற நான், கம்ப்யூட்டரை ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெறும் எஸ்டிமேட் சீட்டில் வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நல்லவேளை, பணம் முழுக்க ஜிபேயில் போயிருந்தது. அந்த ரசீதுகளை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

புகார் போன நாலாம் நாள் கடைக்காரரே கூப்பிட்டார். டாங்கிளையும் ரிப்பீட்டரையும் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம். ஃபார்மேட் காசில் பாதி தருவாராம். விசிட் சார்ஜ் 1,200 மட்டும் தர முடியாதாம். “பையன் வந்தது வந்ததுதானே சார்” என்கிறார்.