ஆடித் திருவிழாவுக்கு புக் பண்ண கானா பார்ட்டி: சட்டிக்காரருக்கு ஃபுல் மார்க், ஆங்கருக்கு முட்டை

காசிமேட்டுல எங்க தெரு அம்மன் கோயில் கூழ் ஊத்துற விழாவுக்கு இந்த வருஷம் சினிமா பாட்டு ஆர்கெஸ்ட்ரா வேணாம்னு வியாசர்பாடி பக்கத்து கானா பார்ட்டி ஒண்ண புக் பண்ணோம். பேரு போடல, ஏன்னா திட்டுறதுக்கும் மேட்டர் கீது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். நம்ம ஏரியா ஸ்டேஜ்ல பொதுவா இன்னா பண்ணுவாங்கன்னா மொத பாட்டுக்கே பேடு, தவிலு, பேஸு எல்லாத்தயும் மொத்தமா ஏத்தி உட்ருவாங்க, அப்பால ஏத்தறதுக்கு ஒண்ணும் இருக்காது, ஜனம் காதப் பொத்திக்கினு பஜ்ஜி கடைப்பக்கம் நவுந்துடும். இவங்க அப்படி இல்ல. மொத பாட்டு வெறும் டோலக்கு, அதுவும் விரல்லயே தட்றாரு, பாடறவரு பக்கத்துல குந்திக்கினு பேசற மாதிரி பாடறாரு. அடுத்ததுல கீபோர்டு சேந்துச்சு. சட்டி மோளம்? நாலாவது பாட்டு வரைக்கும் மூச்சே இல்ல. அந்த அண்ணன் மடில சட்டிய வெச்சிக்கினு வெத்தல போட்டுக்கினு கீறாரு, முன்வரிசை பசங்க "இன்னாண்ணா சும்மா கீற"ன்னு கத்தறானுங்க, சிரிக்கிறாரே தவிர கை வெக்கல. அப்புறம் வெச்சாரு பாருங்க ஒரு அடி, குந்தினு இருந்த கெழவிங்க கூட எழுந்துட்டாங்க.

கடைசி பாட்டுதான் மெர்சல். ஸ்பீடு ஏத்தி ஏமாத்தல. டோலக்கு ஒரு வரி வாசிக்க சட்டி ஒரு வரி பதில் சொல்லுது, அப்பால அரை வரி, கால் வரி, ரெண்டே அடி, கடைசில ரெண்டும் ஒண்ணா கொட்டுது. சபா கச்சேரில பாட்ட நிறுத்திட்டு தாளக்காரங்க மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் குறைப்புன்னு வாசிப்பாங்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு, அப்புறம் கோர்வைன்ற முடிக்கற அடிய மூணு தபா வாசிச்சு பாட்டு ஆரம்பிக்கற எடத்துல, அதாவது எடுப்புல, வந்து சேருவாங்க. கேரளா கோயில்ல செண்டை வெச்சு வாசிக்கற பஞ்சாரி மேளமும் இப்படித்தான், மொத காலத்துல தாளம் ஒரு சுத்துக்கு 96 அட்சரம் (எண்ணிக்கை), அப்பால 48, 24, 12, கடைசில 6. தாளம் சுருங்க சுருங்க நம்ம ஒடம்பு தானா முன்னாடி சாயும், கூட்டத்துல நின்னவங்களுக்கு தெரியும்.

இப்போ திட்டு. அந்த ரெண்டும் ஒண்ணா கொட்டி, டக்குன்னு நிறுத்தி, பாடறவரு மூச்சு இழுக்கறாரு, தெருவே கப்சிப், அந்த நேரம் பாத்து பார்ட்டியோட ஆங்கர் "ஜோரா ஒரு தபா கைதட்டுங்க மக்களே!"ன்னு மைக்குல கத்திட்டாரு. போச்சு. பல்லவி திரும்ப வந்தப்போ பாதி பேரு கை தட்டினு இருந்தான், எவன் காதுலயும் உழல. ஏழு மணிக்கு வரேன்னுட்டு எட்டரைக்கு வேன்ல வந்து எறங்கினாங்க, நடுவுல மிமிக்ரி வேற. நைட்டு 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000லயே ரூல்ஸ் வந்தாச்சு, ஸ்டேஜ் போடறவங்களுக்கு தெரியாதா இன்னா? நடு பாட்டுங்க ரெண்டு மூணு அம்பேல்.

எங்க கமிட்டியும் லேசுப்பட்டதில்ல, 501 ரூபா நன்கொடை லிஸ்ட்ட பாட்டுக்கு நடுவுல படிச்சாங்க.

வாசிக்கறவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, மத்ததுக்கு ரெண்டு. புக் பண்றவங்க ஆங்கர் வேணாம்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே சொல்லிடுங்க, நன்கொடை லிஸ்ட்ட மொத பாட்டுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிடுங்க. ஆடில ஞாயித்துக்கிழமை டேட்டு கெடைக்கறது கஷ்டம், சித்திரையிலயே போய் பேசிடுங்க.