நோ சூனருக்குப் பின்னால் ஹேடா, டிட்டா?

ரயில் கிளம்பியதும் அவன் வந்து சேர்ந்தான். இதை ஆங்கிலத்தில் சொல்ல இருப்பதிலேயே சாதுவான வழி ‘ஆஸ் சூன் ஆஸ்’. இரண்டு பக்கமும் சாதாரண இறந்தகாலம் போட்டால் வேலை முடிந்தது. இதையே ‘நோ சூனர் – தேன்’, ‘ஹார்ட்லி – வென்’ என்று ஜோடி சேர்த்துச் சொல்லும்போதுதான் எந்தக் காலம் என்ற குழப்பம்.

‘நோ சூனர் ஹேட் த டிரெயின் லெஃப்ட் தேன் ஹி கேம்.’ ‘நோ சூனர் டிட் த டிரெயின் லீவ் தேன் ஹி கேம்.’ இரண்டுமே சரி. என் ஓட்டு ஹேடுக்குத்தான். ரயில் கிளம்பியது முதலில், அவன் வந்தது அடுத்து என்ற வரிசை வினையிலேயே தெரிந்துவிடுகிறது. டிட் போட்டால் பலர் பழக்கத்தில் ‘டிட் த டிரெயின் லெஃப்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். இறந்தகாலத்தை டிட்டே சுமந்துவிட்டது, அப்புறம் லீவ்தான் வர வேண்டும். அதற்காக ஹேட் ஆபத்தே இல்லாதது என்றும் சொல்ல முடியாது. ‘ஹேட் ஹி வென்ட்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே கான் வர வேண்டும். வினையின் மூன்றாவது வடிவம் மனப்பாடமாக இல்லாதவருக்கு டிட்டே மேல்.

எதை எடுத்தாலும் பின்பாதி சாதாரண இறந்தகாலம்தான். ‘தேன் ஹி ஹேட் கம்’ என்று அங்கேயும் ஹேட் ஒட்டினால் எது முந்தி, எது பிந்தி என்பதே குழம்பிவிடும்.

ஹார்ட்லியும் ஸ்கேர்ஸ்லியும் இந்த விஷயத்தில் கறார். இதே பொருளில் அவற்றோடு ஹேட்தான் பொருந்தும், டிட் காதில் உறுத்தும். ஜோடிச் சொல்லும் வேறு: வென், அல்லது பிஃபோர். சூனர் ஒப்பீட்டுச் சொல் என்பதால் அதற்குத் தேன். நோ சூனரோடு வென் போட்டால் தவறு.

நோ சூனரோ ஹார்ட்லியோ வாக்கியத்தின் தலையில் வந்தால்தான் ஹேட் எழுவாய்க்கு முன்னால் தாவும். நடுவில் வந்தால் ‘த டிரெயின் ஹேட் நோ சூனர் லெஃப்ட்’ என்று இயல்பான வரிசைதான்.

வழக்கமாக நடப்பதைச் சொல்ல நிகழ்காலமும் வரும்: ‘நோ சூனர் டஸ் ஹி ஃபினிஷ் ஒன் ஜாப் தேன் ஹி ஸ்டார்ட்ஸ் அனதர்.’ இனி நடக்கப்போவதற்கு மட்டும் ஜோடிகளைத் தொடாமல் ஆஸ் சூன் ஆஸுக்கே திரும்பிவிடுங்கள்: ‘ஆஸ் சூன் ஆஸ் ஐ ரீச், ஐ வில் கால் யூ.’ முன்பாதியில் வில் கிடையாது.