கேமரா ஓடுச்சு, ரெக்கார்டு ஆகல: கடையிலயும் வீட்லயும் 6 வருஷ சிசிடிவி அனுபவம்

எங்களுக்கு தூத்துக்குடில ஹார்டுவேர்ஸ் கடை, பின்னாடி குடோன், கொஞ்சம் தள்ளி வீடு. 2019ல தான் மொதமொத கேமரா போட்டோம், 2 மெகாபிக்சல் அனலாக் கேமரா 4, படத்த ரெக்கார்டு பண்ணி வைக்கிற பொட்டி (டிவிஆர்) ஒன்னு, அதுக்குள்ள 1 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க், கூலியெல்லாம் சேத்து பதினெட்டாயிரம் பக்கம் வந்துச்சு. கல்லாவுக்கு மேல டிவில நாலு கட்டம் கட்டமா படம் ஓடும், அப்பாவுக்கு அதுல அவ்ளோ பெருமை, வர்ற அண்ணாச்சிமாரையெல்லாம் கூப்ட்டு காட்டுவாரு.

2021ல ஒரு நாள் பித்தளை கேட் வால்வு ஒரு பெட்டி காணோம். கடைல சரக்கு எறக்குற பையன் மேல அப்பாவுக்கு சந்தேகம், சரி கேமரால பாத்துருவோம்னு ப்ளேபேக் போட்டா ஒன்னுமே இல்ல, மூணு வாரமா ரெக்கார்டிங்கே ஆகல. லைவ்ல படம் ஜம்முனு ஓடிட்டு இருக்கு, ஆனா உள்ள ஹார்ட் டிஸ்க் செத்துருச்சு. டிவிஆர் சும்மா இருக்கலங்க, பீப் பீப்னு கத்திருக்கு. அந்தச் சத்தம் தாங்காம அப்பா கேமரா போட்டுக்குடுத்தவருக்கு ஃபோன் பண்ணி கேக்க, அவரும் செட்டிங்ஸ்ல பஸ்ஸர ஆஃப் பண்ணுற வழிய சொல்லிக்குடுத்துட்டாரு, ஏன் கத்துதுன்னு ரெண்டு பேருமே யோசிக்கல. கடைசில பாத்தா அந்தப் பெட்டி லாரி பார்சல் ஆபீஸ்லயே கிடந்துச்சு, எங்களுக்கு வந்து சேரவே இல்ல. அந்தப் பையன் அதுக்குள்ள வேலைய விட்டுப் போயிட்டான், அப்பா ஆள் விட்டு கூப்ட்டும் வரல.

டிவிஆர கழட்டிப் பாத்தா உள்ள இருந்தது சாதா கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க். 24 மணி நேரமும் எழுதிக்கிட்டே இருக்குறதுக்குன்னு தனியா டிஸ்க் வருது, டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் அந்த மாதிரி. பில்லுல ஹார்ட் டிஸ்க் 1 டிபின்னு மட்டும் எழுதி வாங்கிட்டு வராதீங்க, எந்த டிஸ்க்னு மாடல் பேரையும் எழுதச் சொல்லுங்க.

இன்னொன்னு, போடும்போது "ஒரு மாசத்துக்கு வரும் சார்"னு சொன்னாங்க. நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 2 மெகாபிட்) ஓடுனா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நாலு கேமராவுக்கு 86 ஜிபி, அப்ப 1 டிபி பதினோரு நாள்ல நெறஞ்சு பழசு மேலயே எழுத ஆரம்பிச்சுரும். வீடியோவ இன்னும் சுருக்கி வைக்கிற எச்.265 முறைல ஓட்டுனா ஏறக்குறைய பாதி இடம் தான் எடுக்கும், அப்ப இருபது நாள் சொச்சம் கிடைக்கும். சரக்கு குறையுதுன்னு நமக்குத் தெரியிறதே மாசக் கடைசில ஸ்டாக் எடுக்கும்போது தான், பதினோரு நாள் ரெக்கார்டிங்க வச்சு என்ன பண்ண.

லென்ஸ் விஷயத்துலயும் நல்லா ஏமாந்தோம். நாலுமே 2.8 எம்எம், கடை முழுக்க தெரியுதுன்னு சந்தோஷமா இருந்தோம். பத்தடிக்குள்ள நிக்கிறவர் மூஞ்சி தெரியும், இருபத்தஞ்சு அடி தள்ளி நின்னா சட்டை கலரு தான் தெரியும். இப்ப கல்லாவுக்கு மட்டும் 6 எம்எம் ஒன்னு போட்டிருக்கோம், அகலம் கம்மி, ஆனா எண்ணுற நோட்டு ஐநூறா இருநூறான்னு தெரியுது. வாசலப் பாத்து இருந்த கேமராவுக்கு வேற பிரச்சன, வெளில நம்மூரு வெயிலு, உள்ள இருட்டு, உள்ள வர்றவங்க எல்லாரும் கரிக்கட்டை மாதிரி வருவாங்க. அதுக்கு வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்துல சமாளிக்கிற டபிள்யூடிஆர் இருக்குற கேமரா வேணும், அட்டைல சும்மா டிஜிட்டல் டபிள்யூடிஆர்னு போட்டிருந்தா அதுல பெருசா ஒன்னுமில்ல, 120 டெசிபல் (dB)னு போட்டிருக்கான்னு பாருங்க. மெகாபிக்சல் எட்டா பத்தான்னு கேக்குறதுக்கு முன்னாடி இத கேளுங்க.

ராத்திரி கதை தனி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஐஆர் லைட்டு பக்கத்துல எட்டுக்கால் பூச்சி வந்து கூடு கட்டிரும், ராத்திரில அந்த ஒட்டடை மேல லைட் பட்டு படமே வெள்ளையா பொகஞ்சு போயிரும், மொபைலுக்கு ஆள் வந்துட்டான் ஆள் வந்துட்டான்னு மெசேஜ் வேற. வாரம் ஒரு தடவ ஒட்டடைக்குச்சி எடுத்துட்டுப் போறது தான் வழி. குடோன்ல கண்ணாடிக் கிண்ணம் கவுத்த மாதிரி இருக்குற டோம் கேமரா வச்சிருந்தோம், சிமெண்ட் தூசி படிஞ்சு அந்தக் கண்ணாடில லைட் திரும்பி அடிச்சு ஒன்னும் தெரியல, மாத்தி குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற புல்லட் கேமரா வச்சபிறகு தேவல. வண்டி நம்பர் ராத்திரில தெரியும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, சாதா கேமரால ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் வெள்ளைக் கட்டியா தான் வரும்.

கடலோர ஊருக்காரங்களுக்கு ஒன்னு. உப்புக் காத்துக்கு கேமரா கேபிள் முனைல இருக்குற பிஎன்சி கனெக்டரும் (படத்துக்கு) டிசி பின்னும் (கரண்ட்டுக்கு) ரெண்டு வருஷத்துல பச்சை பூத்துரும், படம் கோடு கோடா வரும். கேமரா போயிருச்சு புதுசு வாங்குங்கன்னு சொல்லுவாங்க, மொதல்ல பின்ன மாத்திப் பாருங்க, எங்களுக்கு மூணுல ரெண்டு தடவ பின் தான் போயிருந்துச்சு. இப்ப எல்லா ஜாயிண்டும் மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை. கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. டிவிஆர் எங்க இருந்துச்சு? கல்லா மேஜைக்கு அடித்தட்டுல. ஹார்ட் டிஸ்க்கோட முங்கிருச்சு. கரண்ட் அதுக்கு முன்னாடியே போயிருச்சு, அதனால வெள்ளம் ரெக்கார்டு ஆகிருக்கப் போறதில்ல, ஆனா அதுக்கு முந்தின நாள் வரைக்கும் சிமெண்ட் மூட்டை எத்தன அடுக்கிருந்துச்சுன்னு அதுல இருந்துச்சுல்ல, இன்ஷூரன்ஸ் சர்வேயர்கிட்ட காட்ட அது ஒன்னு போதுமே.

2024ல மொத்தத்தையும் மாத்தி நெட்வொர்க் கேபிள்ல ஓடுற 4 மெகாபிக்சல் ஐபி கேமரா 5, அதுக்கான ரெக்கார்டர் பொட்டி (என்விஆர்), கேபிள் வழியாவே கரண்ட்டும் குடுக்குற 8 போர்ட் பிஓஇ சுவிட்ச் போட்டோம். ஒரே கேபிள்ல கரண்ட்டும் படமும் போயிரும், கேமராவுக்குக் கேமரா அடாப்டர் தேட வேண்டியதில்ல, கேபிள் நீளம் 100 மீட்டருக்குள்ள இருக்கணும், குடோன் கடைசி செவுரு எங்களுக்கு அறுபது தான். செலவு முன்ன ஆனத விட ரெண்டு மடங்குக்கு மேல. என்விஆர் இப்ப பரண் மேல பூட்டு போட்ட பெட்டிக்குள்ள, அதுக்கும் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் சேத்து ஒரு யூபிஎஸ். இன்வெர்ட்டர் இருக்கே போதும்னு நெனைக்காதீங்க, அது மாறுற அந்த ஒரு நொடில பழைய டிவிஆர் ஒவ்வொரு தடவையும் ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகும், அதுல தான் டிஸ்க் செத்துச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த வேலை நடக்கும்போது தான் ஒன்னு தெரிஞ்சுது, சொன்னா கோவம் வரும். வீட்டு வாசல்ல இருந்த கேமராவ என் மொபைல் ஆப்ல சேக்கப் போனா "வேற அக்கவுண்ட்ல இருக்கு"ன்னு வருது. போட்டுக்குடுத்தவரு அவரோட மெயில் ஐடில அக்கவுண்ட் தொறந்து நமக்கு ஷேர் மட்டும் பண்ணிருக்காரு, எங்க வீட்டு வாசல் அஞ்சு வருஷமா அவரு ஃபோன்லயும் ஓடிருக்கு. தப்பான எண்ணத்துல பண்ணல, எல்லாருக்கும் அப்படித்தான் போடுறேன்னு சாதாரணமா சொல்றாரு! பாஸ்வேர்டும் பொட்டியோட வந்த அதே பாஸ்வேர்ட். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இந்த மாதிரி பாஸ்வேர்ட் மாத்தாத கேமராவும் டிவிஆரும் லட்சக்கணக்குல பிடிச்சு வச்சு தான் பெரிய பெரிய வெப்சைட்டையெல்லாம் படுக்க வச்சுச்சு. அதனால ஆள் பக்கத்துல இருக்கும்போதே உங்க ஃபோன்ல, உங்க ஐடில அக்கவுண்ட் தொறங்க. 2025 ஏப்ரல்லேர்ந்து கேமராவுக்கு மத்திய அரசோட எஸ்டிக்யூசி பாதுகாப்பு டெஸ்ட் கட்டாயம் ஆகிருச்சு, வாங்கும்போது அதையும் கேளுங்க. ஹால்ல ஒரு வைஃபை கேமரா வைக்கலாம்னு நான் சொன்னதுக்கு இந்தக் கதையத் தெரிஞ்சுக்கிட்ட வீட்டுக்காரம்மா ஒரே பார்வை தான் பாத்தாங்க, அத்தோட அந்தப் பேச்ச எடுக்கல.

டைமும் பாருங்க. எங்க பழைய டிவிஆர் 40 நிமிஷம் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு, யாரும் கவனிக்கல. போலீஸ் வந்து ரோட்ல நடந்த ஆக்சிடென்ட் ஃபுட்டேஜ் கேக்கும்போது அந்த நேரம் தப்பா இருந்தா நீங்க தான் விளக்கம் சொல்லிட்டு நிக்கணும். அந்த ஃபுட்டேஜ் கோர்ட்டுக்குப் போகணும்னா அதுக்கு சர்டிபிகேட்டும் வேணும், முன்ன பழைய சாட்சியச் சட்டத்துல 65பின்னு சொல்லுவாங்க, 2024 ஜூலைலேர்ந்து புதுச் சாட்சியச் சட்டத்துல அது 63வது பிரிவு. என்விஆர் செட்டிங்ஸ்ல டைம் சரி பண்ணுற என்டிபிய ஆன் பண்ணி விட்டுட்டா இன்டர்நெட்லேர்ந்து அதுவா டைம் எடுத்துக்கும்.

இப்ப சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்துறதுக்கு முன்னாடி நானே முந்தின ராத்திரி ரெண்டு மணிய ப்ளேபேக்ல ஒவ்வொரு கேமராவா போட்டுப் பாப்பேன், அஞ்சு நிமிஷ வேலை. பஸ்ஸர் ஆன்ல தான் இருக்கு. குடோனுக்குப் பின்னாடி சந்து மட்டும் இன்னும் தெரியல, அங்க ஆறாவது கேமரா போடலாம்னா எதுத்த வீட்டு ஜன்னல் அதுல விழுது, அந்த அக்கா ரெண்டு மாசமா வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தாங்க. போன வாரம் ஒரு கேமராவ தற்காலிகமா கட்டி, ஜன்னல் வர்ற இடத்த செட்டிங்ஸ்ல கருப்புக் கட்டம் போட்டு மறைச்சு அவங்களையே கூப்ட்டு டிவில காட்டுனேன். நல்லா உத்துப் பாத்துட்டு, "நாளைக்கு இந்தக் கட்டத்த எடுத்துர மாட்டீயளே?"ன்னு கேட்டாங்க. எடுக்க மாட்டோம்க்கா, எப்ப வேணா வந்து பாத்துக்கோங்கன்னு சொல்லிருக்கேன். வர்ற வாரம் கேபிள் இழுக்குறாங்க.