பெட்டியில் ‘ஸ்டேஜ் 3’ என்று எழுதியிருந்தது

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், முடிகிற வரைக்கும் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோவையில் கார்களின் சக்தியைக் கூட்டித் தரும் ஒரு ட்யூனிங் கடை, புது ரேஸ் கிளட்ச் என்று சொல்லிப் பழையதை என் தலையில் கட்டியது, அவ்வளவு போதும். பெயர் தெரியாமலேயே இந்தப் பதிவு உங்களுக்குப் பயன்படும். ஏனென்றால் என்னிடம் செய்ததை வேறு ஊரில் வேறு கடையும் செய்யலாம், வழி ஒன்றுதான்.

வண்டி 2011 ஸ்கோடா லாரா, 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றியபோது டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 330-ஐத் தொட்டது. வாரநாளில் இதே காரில்தான் ஆபீஸ், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட். வருடத்துக்கு ஓரிரு முறை மூடிய ஓடுதளத்தில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். கார் 15 நொடி வாக்கில் ஓடும். பெரிய டிராக் கார் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

ரீமேப் செய்த இரண்டு மாதத்தில் கம்பெனி கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: வெறிச்சோடிய சாலையில் நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென்று ஏறினால் கிளட்ச் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் ஏறியது.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். “தம்பி, உங்க வண்டிக்கு ஸ்டேஜ் 3 போட்டாத்தான் தாங்கும். 500 நியூட்டன் மீட்டர் வரைக்கும் அசையாது. இம்போர்ட்டட் செட், பட்டன் பிளேட், கூடவே சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல். நாளைக்கு டர்போ மாத்தினாலும் இதைத் தொட வேண்டாம்.” பட்டன் பிளேட் என்றால் முழு வட்டத்துக்குப் பதில் தனித்தனி உராய்வுத் துண்டுகள் அடித்த கிளட்ச் பிளேட். அது அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரம்தான் ஃப்ளைவீல், சிங்கிள் மாஸ் என்றால் உள்ளே ஸ்பிரிங் இல்லாதது. விலை 1,35,000 ரூபாய், ஏற்றி இறக்கும் கூலி 18,000. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் வரி தனி, “எதுக்குங்க தம்பி வீணா” என்றார். நானும் தலையாட்டினேன். பணத்தை அனுப்பச் சொன்ன எண் கடைப் பெயரில் இல்லை. அதையும் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

இந்த ‘ஸ்டேஜ்’ என்ற வார்த்தையைப் பற்றி அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டுக்கொள்கிறது. ஒருவருடைய ஸ்டேஜ் 2 இன்னொருவருடைய ஸ்டேஜ் 3-ஐ விட அதிகம் தாங்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த செட் எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று தயாரித்தவர் எழுத்தில் சொல்கிறாரா? அது இன்ஜினில் அளந்த டார்க்கா, சக்கரத்தில் அளந்ததா?

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிடிக்கும் பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்துகிறது, கிளட்ச் பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங்குக்கு உராய்வு எவ்வளவு, அந்த லைனிங் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை முகங்கள் உரசுகின்றன. இந்த நாலையும் பெருக்கினால் வருவதுதான் கிளட்சின் பிடி. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கல் மாதிரி ஆகும், இன்ஜினின் கிராங்க் தண்டை நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் சேர்ந்து அடி வாங்கும். உராய்வைக் கூட்டப் பட்டன் பிளேட்டுக்குப் போனால் பிடிக்கும், ஆனால் பிடித்தால் பிடி விட்டால் விடு, நடுவில் ஒன்றும் இருக்காது. அவிநாசி ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அதை வைத்து ஊர்ந்து பார்த்தால்தான் தெரியும். முகங்களைக் கூட்ட வேண்டுமென்றால் இரட்டைப் பிளேட், அதன் விலை வேறு உலகம். 330 நியூட்டன் மீட்டருக்குப் பட்டனே தேவையில்லை. நல்ல ஆர்கானிக் லைனிங் உள்ள முழு வட்டப் பிளேட்டும், கொஞ்சம் கூடுதலாக அழுத்தும் பிரஷர் பிளேட்டும் தாராளமாகப் போதும். இது இப்போது தெரிகிறது.

மூன்று நாள் கழித்து வண்டி ரெடி என்று போன் வந்தது. போனபோது கியர்பாக்ஸ் ஏறிவிட்டிருந்தது. காலிப் பெட்டியைக் காட்டினார்கள், அழகான அட்டை, பிளாஸ்டர் ஒட்டியது, மேலே ‘ஸ்டேஜ் 3’, ஒரு சீரியல் எண். படம் எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த, உள்ளே ஸ்பிரிங் உள்ள பழைய ட்யூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கேட்டதற்கு, “அது வேஸ்ட்டுங்க, இங்கேயே கிடக்கட்டும்” என்றார். புதிதாக வாங்கினால் அது என்ன விலை என்று பிறகு விசாரித்தபோது வயிறு எரிந்தது. வேஸ்ட் என்றால் எடைக்காவது போட்டிருப்பேனே.

வெளியே எடுத்ததும் வண்டி உதறியது. முதல் கியரில் நகர்த்தும்போது டாஷ்போர்டு குலுங்கியது, நியூட்ரலில் நின்றால் கியர்பாக்ஸிலிருந்து கரகரவென்று சத்தம். கேட்டால், “ரேஸ் கிளட்ச் அப்படித்தாங்க இருக்கும்.” இங்கேதான் இந்த ஏமாற்றின் சூட்சுமமே இருக்கிறது. அவர் சொன்னது பொய் இல்லை. நல்ல பட்டன் பிளேட்டும் உதறும். சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் போட்டால் நல்ல கியர்பாக்ஸும் கரகரக்கும், ஏனென்றால் இன்ஜினின் அதிர்வை உறிஞ்சிக்கொண்டிருந்த ஸ்பிரிங்குகள் பழைய ஃப்ளைவீலோடு போய்விட்டன. ஆக, உசத்தியான பொருளும் போலிப் பொருளும் ஓட்டுபவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தெரியாதவன் என்ன செய்வான், பெருமையாக உதறிக்கொண்டே வீட்டுக்குப் போவான். நானும் போனேன். “காய்ச்சல் வந்த மாதிரி ஆடுதே” என்றார் அம்மா.

புது கிளட்சைப் பழக்கப்படுத்துவதைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எடுத்த எடுப்பிலேயே லாஞ்ச் பண்ணலாம்” என்றார், அதாவது பந்தயத்தில் போல முழு வேகத்தில் சீறிக் கிளம்பலாமாம். உண்மையில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சுமார் 800 கிலோமீட்டர் நகரத்துக்குள் பதமாக ஓட்டச் சொல்வார்கள். நகரம் என்பது முக்கியம். பெடலை மிதித்து விட்டால்தான் லைனிங் ஃப்ளைவீலோடு ஒத்துப்போகும். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் கிளட்ச் பத்து இருபது தடவைதான் வேலை செய்திருக்கும். நான் செய்தது அதைத்தான். மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் ஆம்பி வேலி ஓடுதளத்தில் நடக்கும் வேலி ரன் பந்தயத்துக்குக் கோவையிலிருந்து காரை ஓட்டியே போனேன். இந்த ஒரு தப்பு முழுக்க என்னுடையது.

முதல் ஓட்டம் பரவாயில்லை. இரண்டாவதில் மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றும்போது முள் ஏறியது, கார் ஏறவில்லை. மூன்றாவதில் லைனில் கிளம்பும்போதே கருகின வாடை. பக்கத்தில் நின்ற பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அத்தோடு மூட்டை கட்டினோம்.

திரும்பும் வழியில் புனே தாண்டி சாத்தாராவுக்கு முன்னால் கம்பாட்கி காட் என்ற மலைப்பாதை வரும். வடக்கே போகும்போது சுரங்கம் வழியாகப் போய்விட்டோம், தெற்கே வரும் வண்டிகள் அப்போது மலை ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் 4,000-த்தில் கத்துகிறது, பக்கத்தில் கரும்பு லாரி எங்களை முந்துகிறது. அதற்கடுத்த வளைவில் கார் நின்றேவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வெயிலில் மூன்று மணி நேரம். சாத்தாராவில் கம்பெனி கிளட்ச் செட் வரவழைத்துப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். முடியாது. இந்த வண்டியின் கம்பெனி பிளேட்டில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் கிடையாது, அந்த வேலையைச் செய்வது ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல். அதுதான் கோவையில் ‘வேஸ்ட்டாகக்’ கிடந்ததே. கடைசியில் கார் கேரியரில் ஏறி ஊர் வந்தது. அதற்கு 26,000.

வேறு ஒரு மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸை இறக்கினோம், இந்த முறை ஆரம்பத்திலிருந்து வீடியோ. பிரஷர் பிளேட் பளபளவென்று கறுப்பு பெயின்ட். அதை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல் போன்ற நுனிகளில் பெயின்டைச் சுரண்டியதும், அடியில் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் அந்த விரல்களைத் தள்ளும் பாகம்) உரசி உரசி விழுந்த வட்டப் பள்ளம். நான் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டியதில் ஒரு பள்ளம், அதற்குக் கீழே பெயின்டுக்குள் பழைய பள்ளம். முகப்பில் சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள். ரிலீஸ் பேரிங்கையும் மாற்றவே இல்லை, என்னுடைய பழையதேதான். பிளேட்டின் நடுவில் கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம்.

பிளேட்டை ஒரு ரீலைனிங் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். லாரிக்கும் டிராக்டருக்கும் லைனிங் அடிக்கிற பெரியவர். கையில் வாங்கித் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இது நம்மூர் வேலைங்க தம்பி. பழைய பிளேட்டுல டிராக்டர் பட்டன் அடிச்சிருக்காங்க. இங்க பாருங்க, பழைய ரிவெட் ஓட்டை, அடைச்சிருக்காங்க. எவ்வளவு குடுத்தீங்க?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒன்று செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன தொகையில் ஐந்து இலக்கம்கூட இல்லை.

ரீலைனிங் தொழிலை நான் குறை சொல்லவில்லை. நேர்மையான தொழில், அதை நம்பி எத்தனையோ லாரி ஓடுகிறது. ரீலைனிங் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிளேட் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளேட் 6,500 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் ஒரு பட்டன் ரிவெட் விட்டால் அந்த வேகத்திலேயே தெறிக்கும். அமெரிக்காவில் என்எச்ஆர்ஏ என்ற டிராக் பந்தய அமைப்பின் பந்தயங்களில் கால் மைலை 11.49 நொடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் காருக்கு எஸ்எஃப்ஐ என்ற பந்தயப் பாதுகாப்பு அமைப்பின் 1.1 அல்லது 1.2 தரச்சான்று பெற்ற கிளட்சும் ஃப்ளைவீலும் கட்டாயம், சிதறினால் தடுக்கும் கவசமும் வேண்டும். என் கார் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அந்த விதி எதற்காக வந்தது என்பது பிளேட்டைக் கையில் பிடித்திருந்தபோது எனக்கு நன்றாகப் புரிந்தது.

பெட்டிப் படத்தில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அது வேறொரு காருக்கான செட், சில வருடத்துக்கு முன்பே விற்றது என்று இரண்டு நாளில் பதில் வந்தது. இந்த இரண்டு நாள் வேலையை நான் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

கடைக்குப் போனேன். முதல் நாள், “நீங்க ஓட்டின லட்சணம் அப்படி, ரேஸுக்கு வாரன்ட்டி இல்லைங்க.” இரண்டாம் நாள் வீடியோவைக் காட்டியதும் பேச்சு மாறியது: “நான் போட்டது புதுசு. நீங்க எங்கயோ மாத்திட்டு வந்து என் தலைல கட்டறீங்க.” பதில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அவர் ஏற்றியபோது நான் பார்க்கவில்லை. பில் இல்லை. காலிப் பெட்டியின் படம் ஒன்று, பணம் அனுப்பிய பதிவு ஒன்று, “ஸ்டேஜ் 3 போட்டாச்சு தம்பி” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று. அந்தச் செய்திதான் இப்போது வழக்கின் முதுகெலும்பு என்கிறார் வக்கீல்.

அதனால் கிளட்ச் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்குப் போய்விடுங்கள். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகளில் தடம் இருக்கிறதா, ரிவெட் வரிசை சீராக இருக்கிறதா, பிளேட்டின் நடு ஓட்டையில் உள்ள ஸ்ப்லைன் பற்களில் தேய்மானம் உண்டா, முத்திரை அப்படியே இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள், படத்தில் உங்கள் வண்டியும் தெரியட்டும். ஏறிய பிறகு அதைப் பார்க்க இன்னொரு 18,000 ஆகும். பழைய பாகம் உங்களுடையது, டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில்லை விட்டுவிடாதீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பில் தராமல் விற்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது, ஆகவே பில் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம்.

இப்போது காரில் இருப்பது முழு வட்ட ஆர்கானிக் பிளேட், நடுவில் ஸ்பிரிங் உள்ளது. புது எஃகு ஃப்ளைவீல், பேலன்ஸ் செய்த சீட்டோடு. தாங்கும் அளவு 400 நியூட்டன் மீட்டர் என்று தாளில் அச்சிட்டிருக்கிறது. முதல் 800 கிலோமீட்டரை டவுன்ஹாலுக்கும் காந்திபுரத்துக்கும் நடுவிலேயே ஓட்டித் தீர்த்தேன். இப்போது 4,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, நாலாவது கியரில் முள் ஒழுங்காக இருக்கிறது. பந்தயத்துக்கு இன்னும் போகவில்லை.

ஆணையத்தில் அடுத்த வாய்தா வருகிற மாதம். அந்தப் பிளேட்டைச் சாட்சிப் பொருளாகப் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல் வைத்திருக்கிறேன். வீடெல்லாம் கருகின வாடை அடிக்கிறது, எடுத்து மொட்டை மாடியில் வை என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.