நாலேகால் மணிப் பாண்: ஒன்பது வருடப் பழக்கத்தில் சொல்வது

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கே.கே.எஸ். வீதியை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினால் இந்த வெதுப்பகம். பெயர்ப்பலகை மங்கிப்போய்விட்டது, பெயர் தெரியாமலே வாங்குகிறவர்கள்தான் அதிகம். குறைகளும் சொல்லப்போவதால் பெயரை நானும் விட்டுவிடுகிறேன். 2016இல் இந்தப் பக்கம் குடிவந்தேன். அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாளாவது போகிறேன்.

இந்தக் கடை சரியில்லை என்று என்னிடம் சொன்ன எல்லோரும் பிழையான நேரத்தில் போனவர்கள். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான். காலை ஏழு மணிக்குப் போய் முதல்நாள் பாணை வாங்கி வந்து, இதற்கா இவ்வளவு கதை என்று நினைத்தேன். ஒருநாள் வேலையால் வெள்ளென வந்து, பின்னேரம் நாலேகாலுக்கு எட்டிப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது.

காரணம் போறணை. பின்பக்கம் செங்கல்லில் கட்டிய பழைய விறகுப் போறணைதான் இன்னும் எரிகிறது. மத்தியானம் விறகை உள்ளே அடுக்கி எரிப்பார்கள். நன்றாகச் சூடேறியதும் தணலை வெளியே இழுத்துவிட்டு, தடியில் சுற்றிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைப்பார்கள். அதற்குப் பிறகு நெருப்பு இல்லை. கல் பிடித்து வைத்த சூடு மட்டும்தான், அதுவும் குறைந்துகொண்டே போகும். முதல் சூட்டுக்கு ரோஸ் பாணும் அச்சுப் பாணும். கொஞ்சம் தணிந்த பிறகு பணிஸ் வகைகள். சீனி பூசியதை முதல் சூட்டில் வைத்தால் மேலே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும். கடைசிச் சூட்டில் இரவு முழுக்க ரஸ்க் காயும். ஆக, நாலேகாலுக்குப் பாண், ஐந்தரைக்குப் பணிஸ். காலையில் போனால் ரஸ்க்கை மட்டும் வாங்குங்கள்.

ரோஸ் பாண் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டியபடி தட்டில் வரும். கடைக்கார ஐயா அதைப் பிய்க்கும்போது பிய்ந்த பக்கம் பஞ்சாக விரிந்து ஆவி விடும், மேல்தோல் மட்டும் சடசடவென்று உடையும். பழைய பேப்பரில்தான் சுற்றித் தருவார். பொலித்தீன் பை கேட்டால், "வேர்த்துப்போகும் தம்பி, பிறகு என்னைப் பேசாதேங்கோ" என்பார். வீடு வந்து சேருமுன் ஒரு மூலை எப்படியும் குறைந்திருக்கும். இடிசம்பலும் கொஞ்சம் சொதியும் இருந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. அடுத்தநாள் அதே பாண் செருப்புத்தோல். அளவோடு வாங்குங்கள்.

அச்சுப் பாண் சாதாரணம்தான். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம் வரை குறையலாம் என்று 2024இல் வர்த்தமானி வந்தபோது, குறும்புக்கு வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 441 காட்டியது. தப்பிவிட்டார்.

2022இல் காஸ் இல்லாமல் நாடெங்கும் பேக்கரிகள் பூட்டிக் கிடந்தபோது இந்தப் போறணை எரிந்தது. ஆனால் மா கிடைக்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு பாண் என்று ஒழுங்கை முனைவரை வரிசை நிற்கும். தெரிந்தவர், வாடிக்கையாளர் என்ற கதையே அப்போது இல்லை. எனக்கும் இரண்டு தரம் கைவிரித்தார். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மைதான்.

மீன் பணிஸ் முந்தி மாதிரி இல்லை. முக்கோணமாக மடித்த பணிஸுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் மிளகு தூக்கலாக இருக்கும். கடந்த மூன்று வருடமாக மீனைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கடை அன்ரியிடம் சொன்னேன். "மீன் விக்கிற விலைக்கு முள்ளுத்தான் வைக்கலாம்" என்று சிரித்தா. விலையைக் கூட்டினாலும் பரவாயில்லை, மீனை வைக்கலாம் என்பது என் கட்சி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது. அப்போது போடுகிற மரக்கறிப் பணிஸ் உண்மையில் மீன் பணிஸை விட நல்லது, லீக்ஸ் கொஞ்சம் கூடப் போட்டிருப்பார்கள். வருடம் முழுக்க அதைப் போடச் சொல்லிக் கேட்டுக் களைத்துவிட்டேன். மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்தச் சீனி பல்லில் நறநறக்கிறது.

இனிப் பலகாரம். இது அன்ரியின் பகுதி, போறணைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எல்லாம் பக்கத்துக் கொட்டிலில் தாச்சியில் பொரிப்பது. பயத்தம் பணியாரத்துக்குப் பயறு நன்றாக வறுபட வேண்டும். இங்கே போத்தல் மூடியைத் திறந்ததும் அந்த வறுத்த வாசம்தான் முதலில் வரும், சர்க்கரை பிறகுதான். மேலே தோய்க்கிற அரிசிமாத் தோலும் மெல்லிசு. சிப்பி இன்னும் நல்லது. அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகச் சீப்பின் பல்லில் அழுத்தி உருட்டுவா. அந்த வரிகளுக்குள் சீனிப்பாகு வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாமியாருக்காகக் கனடாவுக்கு அனுப்பினேன். ஸ்காபரோவில் திறந்து பார்த்தபோது பாதி தூள். அடுத்த தரம் அன்ரியே ரின்னில் அடுக்கி, இடைவெளிக்கு அரிசிப்பொரி போட்டுத் தந்தா. உடையாமல் போய்ச் சேர்ந்தது. அரிசிப்பொரியையும் சாப்பிட்டுவிட்டார்களாம்.

ஆவணி, புரட்டாதியில் பனங்காய்ப் பணியாரம் இருக்கும். பனங்களியை வடித்துச் சீனியோடு காய்ச்சும்போது போதிய நேரம் விடாவிட்டால் கசப்பு நின்றுவிடும். இங்கே சில நாள் மெல்லிய கசப்பு இருக்கும். அது எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. பருத்தித்துறை வடை வேண்டுமென்றால் பருத்தித்துறைக்கே போங்கள்.

கேக் பக்கம் போகவே வேண்டாம். ஐசிங் முழுக்க மாஜரின் வாசம். போதாததற்கு, மகளின் பிறந்தநாளுக்குச் சொன்ன கேக்கில் "நிலா" என்ற பெயரை "நீலா" என்று எழுதித் தந்தார்கள். பிள்ளை ஒரு வருடம் மறக்கவில்லை.

கார்டு எடுக்க மாட்டார்கள், சில்லறை இல்லையென்றால் மிச்சத்துக்கு ரொபி தருவார்கள். ஆனால் ஒன்று: பழைய சாமானைப் புதிது என்று ஒருநாளும் விற்றதில்லை. "உது நேற்றையது, எடுக்காதேங்கோ" என்று ஐயா என் கையிலிருந்தே வாங்கி வைத்திருக்கிறார்.

தீபாவளிக்குச் சிப்பி வேண்டுமென்றால் பத்து நாளுக்கு முதலே சொல்லிவிடுங்கள். கொப்பியில் பெயர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.